தெற்கே பார்க்காத வாய்

போன மாதம் நீ வைத்துவிட்டுப் போன பித்தளைத் தகடு நேற்று வரை சாப்பாட்டு மேசை மேலேயே கிடந்தது. உன் அம்மா தினமும் அதைத் தூக்கி, மேசையைத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். என் பெயரைப் பொறித்து, அதன் கீழே என் படிப்பையும் பொறித்து, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தாய். "மாமாவே சொல்லிட்டாருங்கப்பா. இனிமேலு பட்டறைய உட்டு வெளிய போற ஒவ்வொரு மிஷின்லயும் உங்க பேருதானுங்க" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "வாய் எத்தனை நீளம் வெக்கறீங்க?" "எப்பவும் வெக்கறதுதானுங்கப்பா. லாரில ஏத்தோணுமில்லீங்களா?" என்றாய். கல்யாணப் பத்திரிகையைத் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ராசிபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டாய். அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று அங்கே போய்ச் சொல்லியிருப்பாய். தீரவில்லைதான். ஆனால் எதன்மேல் கோபம் என்பதை உனக்கு யாரும் சரியாகச் சொன்னதில்லை.

இதைத் தனியாக எழுதி, உறையில் போட்டு உனக்கு அனுப்பியிருக்கலாம். அச்சில் வரட்டும் என்று கொடுத்ததற்குக் காரணம் உண்டு. என் தங்கையின் கணவர், இன்னும் சில நாளில் உனக்கு மாமனாராகப் போகிறவர், என்னைப் பற்றிச் சொன்ன சொல்லை ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் சொன்னார். அங்கிருந்து அது ஊருக்குப் போனது, சந்தைக்குப் போனது, நான் பாடம் நடத்தும் வகுப்பு வரைக்கும் வந்தது. அப்படி ஊரறியச் சொன்னதற்குப் பதிலை நான் மட்டும் எதற்குக் காதோடு காதாகச் சொல்ல வேண்டும்? நீயும் படி, உன் மாமாவும் படிக்கட்டும். பெயர்களை விட்டுவிட்டேன். தெரிய வேண்டியவர்களுக்குப் பெயர் இல்லாமலே தெரியும்.

எமர்ஜென்சி முடிந்த சமயம் அது. நீ ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். நான் சேலத்தில் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் மாமாவுக்கு ராசிபுரத்துக்குத் தெற்கே ஜவ்வரிசி ஆலை. அங்கே போகும்போதெல்லாம் ஒரு காட்சி என் கண்ணை உறுத்தும். ஆலைக்குள் ஜவ்வரிசியை வறுக்கும் தட்டுகளுக்கு அடியில் கொல்லிமலையிலிருந்து வந்த கட்டை கட்டையான விறகு எரிந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் தீ அதிகமாகி மணி கருகும், இன்னொரு பக்கம் பச்சையாகவே நிற்கும். ஆலைக்கு வெளியே, கிழங்கு பிடுங்கிய காடுகளில், மரவள்ளிக் குச்சிகளை மலைபோலக் குவித்து வீணாகக் கொளுத்திக்கொண்டிருப்பார்கள். வாய்க்கால் ஓரமெல்லாம் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கும். இதையெல்லாம் ஒரே அளவாகச் சில்லுச் சில்லாக வெட்டிப் போட்டால் தீ சீராக எரியும், மலையிலிருந்து மரம் வெட்டிக்கொண்டு வரவும் வேண்டாம். இது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. வெளிநாட்டுப் புத்தகங்களில் படம் போட்டிருந்தான். ஆனால் நம் ஊர்க் குச்சிக்கும் நம் ஊர் முள்ளுக்கும் ஏற்ற மாதிரி அதைச் செய்தது நான். ஆறேழு மாதம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்குக் கிடையாது. பழைய லாரியின் வில் பட்டைகளை அறுத்துச் சாணை பிடித்துக் கத்தியாக்கி, இடுப்பு உயர இரும்புச் சக்கரத்தின் முகத்தில் பூட்டினேன். அந்தச் சக்கரத்தை டீசல் எஞ்சினோடு பெல்ட் போட்டு இணைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகப் போய்ச் செய்து கொடுத்தேன். உறவுக்காரனுக்குக் கேட்காமல் செய்கிற உதவியைப் போல மதிப்புக் கெட்டது வேறு எதுவும் இல்லை என்று அப்போது தெரியாது. உனக்காவது இப்போதே தெரியட்டும்.

அந்த இயந்திரத்தில் நான் அதிகம் யோசித்தது கத்தியைப் பற்றி அல்ல, வாயைப் பற்றி. குச்சியை உள்ளே செலுத்துகிற தகரப் பெட்டியைத்தான் வாய் என்கிறோம். நீயும் இப்போது அதே வார்த்தையைத்தான் சொல்கிறாய். கத்தி ஒரு குச்சியைப் பிடித்துவிட்டால் தானாகவே வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். கிளை கவைத்திருந்தால் அந்தக் கவை பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுக்கும். சட்டைக் கை, சேலைத் தலைப்பு, வளையல் என்று அது பார்க்காது. அதனால் நம் ஊரில் உயரமான ஆள் ஒருவரை நிற்கவைத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விடச் சொல்லி அளந்தேன். அந்த அளவுக்கு மேலும் ஒரு முழம் சேர்த்து வாயைச் செய்தேன். யார் எப்படிக் கையை நீட்டினாலும் விரல் கத்தியைத் தொடாது. அந்த நீளத்துக்காகவே கொட்டகையில் இயந்திரத்தை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். கொட்டகை வடக்குத் தெற்காக நீளம், கிழக்கு மேற்காகக் குறுகல். வடக்கே எஞ்சின், தெற்கே டிராக்டர் வந்து குச்சி இறக்குகிற பெரிய வாசல். வாய் தெற்கே பார்த்து, வாசல் வரை தாராளமாக நீண்டிருந்தது.

ஓட்டிப் பார்த்த அன்று நல்ல கூட்டம். எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, எஞ்சினைப் போட்டோம். ஒரு கட்டுக் குச்சி போன வேகத்தையும், பின்னால் சில்லு கொட்டிய வேகத்தையும் பார்த்து ஆட்கள் கை தட்டினார்கள். "என்னுங்க வாத்தியாரே, ஊட்ல காய்கறி நறுக்க ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தோம். உன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. இயந்திரத்தைச் சுற்றி வந்தவர் வாய்க்கு நேரே நின்றார்.

"ஏனுங் மச்சான், இது வாயி தெக்க பாக்குதுங்களே."

"அது குச்சி போற வழி மாப்ள."

"எதுவோ ஒண்ணு. ஆன்னு தெறந்து கெடக்குதில்லீங்க? தெக்க பாத்து எதுவும் வாயத் தெறந்து நிக்கப்படாதுங். எங்கூட்ல அடுப்புகூட தெக்க பாத்து எரியாது."

"எமன் குச்சி திங்க வரமாட்டாருங்க மாப்ள" என்றேன் நான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் இறுகிப்போனதைக் கவனித்தேன். படித்தவன் சபையில் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான் என்று நினைத்திருப்பார். அவரும் பி.யூ.சி. வரை படித்தவர்தான். இருந்தும் அவர் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் திசை பார்த்துத்தான் நடக்கும். கிணறு வெட்டினால் திசை, மாடு கட்டினால் திசை, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எந்தப் பக்கம் சூலம் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

அடுத்த முறை நான் போனபோது இயந்திரத்தைக் கிழக்கே பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கிழக்கே, நாலு தப்படி தள்ளி, சுவர். அந்தச் சுவருக்கும் வாய்க்கும் நடுவில் ஆள் நிற்க இடமில்லை. இடம் வேண்டுமென்று வாயை அறுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது முழங்கை நீளம் கூட வராது. அறுத்த தகரம் கொட்டகைக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்கு மூடியாகக் கிடந்தது.

"சுவத்த இடிங்க மாப்ள. இல்லாட்டி மிஷின வெளிய தூக்கிப் போடுங்க. இத இப்பிடி ஓட்டப்படாது."

"அந்தச் சுவத்துக்கு அக்கட்ட வறுக்கிற அடுப்பு இருக்குதுங். இடிக்க முடியாது. வாயிதான கொறஞ்சுது, கத்தி அப்பிடியேதான இருக்குது? ஆளுங்களும் இதுதான் வெரசா ஓடுதுங்கறாங்க."

அப்போது உன் அத்தை, அதாவது என் தங்கை, மோர் கொண்டுவந்தாள். நாங்கள் பேசியது அவ்வளவும் அவள் காதில் விழுந்தது. "கை போயிரும் அம்மிணி, நீயாவது சொல்லு" என்றேன். "நீங்க மோரைக் குடிங்ணா. அவிக சொன்னா ஒரு அர்த்தமிருக்கும்" என்றாள். மோரைக் குடிக்காமலே பஸ் ஏறினேன். கத்திகளைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கலாமே என்று உன் அம்மா இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்தவர் கொட்டகையில் நுழைந்து கத்தியைக் கழற்றுகிற உரிமை எனக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. சொல்ல வேண்டியதை உடையவரிடமும் உடையவர் வீட்டுக்காரியிடமும் நேருக்கு நேர் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பழியில் எனக்குப் பங்கு கிடையாது.

மாரியாயி நோம்பிக்கு மறுநாள் அது நடந்தது. ஆட்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. உன் மாமா ராசிபுரம் போயிருந்தார். களத்தில் ஈர மாவு கிடந்தது, வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு வறுக்காவிட்டால் மாவு புளித்துப்போகும். அடுப்புக்குச் சில்லு இல்லை. எஞ்சின் ஓட்டத் தெரிந்த ஒரே ஒரு கிழவரைக் கூப்பிட்டு எஞ்சினைப் போடச் சொல்லிவிட்டு, உன் அத்தையே குச்சி போட நின்றாள். சும்மா உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறவள் இல்லை அவள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தாள். ஒரு கட்டு பாதியில் சிக்கி நின்றது. கையால் உள்ளே தள்ளினாள். நான் செய்த வாயாக இருந்தால் அந்தக் கை வெறும் தகரத்தைத்தான் தடவியிருக்கும். கிழவர் எஞ்சினை நிறுத்தினார். ஆனால் அவ்வளவு கனமான சக்கரம் உடனே நின்றுவிடாது. வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

சேலத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். நான் வகுப்பிலிருந்து அப்படியே ஓடினேன், கையில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை. வராந்தாவில் இரண்டு பக்கத்து உறவும் நின்றது. உன் மாமா என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க மச்சான். உங்க மிஷினு உங்க தங்கச்சி கையவே தின்னுபோட்டுதுங்" என்றார்.

"வாய அறுத்தது ஆரு மாப்ள?"

"கேட்டுக்குங்க. இப்பவும் இவருக்கு மிஷின் ஞாயந்தான்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "படிச்சவங்களுக்கு நெஞ்சுக்கூட்ல ஒண்ணும் இருக்காதாட்டருக்குது" என்றார் நம் பங்காளியிலேயே ஒரு பெரியவர். அங்கே யாரிடமும் தெற்கையும் கிழக்கையும் விளக்க முடியாது. உள்ளே போனேன். அவளுக்கு நினைவு தெளிந்திருந்தது. "அம்மிணி, நீ அன்னிக்கு அங்கதான இருந்த? நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "போய்ட்டு வாங்ணா" என்றாள், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் அவளிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று நீ நினைப்பாய். சரி, அன்றைக்கு வேண்டாம். மறுமாதம் சொல்லியிருக்கலாம், மறுவருடம் சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை. அவள் அந்த வீட்டில் வாழ்ந்தாக வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. புரிந்துவிட்டதால் மனசு ஆறிவிடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை. பெண்டாட்டியின் கையைத் தின்ற இயந்திரம் என்று சொன்ன மனிதர் அதை உடைத்துப் போட்டாரா? இல்லை. ஆலைக்குப் பக்கத்திலேயே, இப்போது நீ வேலை பார்க்கிற அந்தப் பட்டறையைப் போட்டு, அதே மாதிரி செய்து விற்க ஆரம்பித்தார். அதே கத்தி, அதே சக்கரம், அதே அறுத்த வாய். தகரம் மிச்சம், லாரியில் ஏற்ற வசதி, வேகமாக ஓடும். கெட்ட பெயர் எனக்கு, இயந்திரம் அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். ராசிபுரம் பஸ் நிலையத்து டீக்கடையில் என்னைக் கண்டால், "கைதின்னி வாத்தியாரு வாராருங்கோ, கையெல்லாம் பாக்கெட்டுக்குள்ள போட்டுக்குங்க" என்று ஒருவன் சொல்லுவான். மற்றவர்கள் உண்மையாகவே கையைப் பையில் விட்டுக்கொண்டு சிரிப்பார்கள். ஒருமுறை ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் அந்தப் பட்டறை இயந்திரத்தைப் பார்த்தேன். அதை ஓட்டியவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. "எப்படிங்க?" என்று கேட்டேன். "எல்லாந் தலையெழுத்துங்க சாமி" என்றார். தலையெழுத்து இல்லை, வாய் நீளம் போதாது என்று சொல்ல நினைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நடந்துவிட்டேன். ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பார்த்தவன்தானே நான்.

இந்த இயந்திரத்தின் மேல்தான் நீ என் பெயரை அறையப் போகிறாய். இத்தனை நாள் டீக்கடையில் வாயால் சொன்னதைப் பித்தளையில் வெட்டிக் கொடுத்திருக்கிறாய். உனக்கு அது தெரியாது, நல்ல எண்ணத்தில்தான் செய்தாய் என்று உன் அம்மா சொல்கிறாள். சமாதானம் பண்ணி வைக்கிறவர்கள் எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் வருகிறார்கள். யார் எதை இழந்தார்கள் என்று கேட்காமல் இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நீ வாழப்போகிற வீட்டிலும் உனக்கு இந்தக் குணம் இருக்கும். குறைத்துக்கொள்.

பெண்ணைப் பற்றி எனக்குக் குறையில்லை. அவள் எனக்கும் மருமகள்தான், என் தங்கை பெற்றவள். உன் அம்மாவை நான் கட்டியபோது இணைச்சீருக்கு என் பக்கத்தில் உட்கார்ந்தவள் உன் அத்தைதான். கூறைச்சேலையின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவள் கையில். எனக்குப் பிறப்பதும் அவளுக்குப் பிறப்பதும் பின்னால் ஒன்று சேர வேண்டும் என்றுதான் அந்தச் சீரைச் செய்கிறோம். சடங்கை நடத்துகிற அருமைக்காரர் சொல்லச் சொல்ல, அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சேலை முனையை அவள் வலது கையில் பிடித்திருந்தாள். நீங்கள் இருவரும் யாரையும் கேட்காமல் அந்த வாக்கைக் காப்பாற்றிவிட்டீர்கள். பெரியவர்கள் நாங்கள் பத்து வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை.

"கல்யாணத்துக்கு வாறீங்களா இல்லீங்களா? ஒண்ணு சொல்லிப்போடுங்க, நாஞ் சொல்றவங்களுக்குச் சொல்லோணும்" என்று உன் அம்மா நேற்றுக் கேட்டாள். வருகிறேன். பையனுக்கு அப்பன் என்ற வரிசையில் வரமாட்டேன். அந்த இடத்தில் உன் சித்தப்பாவை நிறுத்திக்கொள்ளுங்கள். பெண்ணுக்குத் தாய்மாமனாக வருகிறேன். அந்த உரிமையை எந்த வராந்தாவிலும் யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. மேளம் வைத்துச் சீர் கொண்டுவருகிறேன். தேங்காய், பழம், வெல்லம், சேலை, பெண்ணின் நெற்றியில் கட்டும் பட்டம் எல்லாம் தட்டுத் தட்டாக இருக்கும். அவற்றுக்குப் பின்னால் நான்கு பேர் சுமந்து வர ஒரு வாய் வரும். நான் முதலில் செய்த அதே அளவு, தோள் நீளமும் ஒரு முழமும். இந்த முறை கனமான தகட்டில் செய்திருக்கிறேன். நடுவில் கீல் வைத்திருக்கிறேன், லாரியில் ஏற்றும்போது வெளிப்பாதியை மடக்கிக்கொள்ளலாம். இனிமேல் லாரியைச் சாக்குச் சொல்ல முடியாது. தெற்கே பார்க்கப் பயமாக இருந்தால் சுவரை இடித்துக்கொள்ளுங்கள். உன் பித்தளைத் தகட்டை நேற்றுச் சாயங்காலம் வெளிப்பாதியின் கடைசி முனையில் அறைந்துவிட்டேன். நீளத்தை அறுத்தால் என் பெயரும் சேர்ந்து கோழிக்கூட்டுக்குப் போகும். என் பெயர் வேண்டுமென்றால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதை அளவாக வைத்துச் செய்.

சீர்த்தட்டு நடுவில் இரும்பு எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும், அதற்குத்தான் கொண்டுவருகிறேன். தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் நம்மில் இல்லை. அனுப்பினால் பிறந்த வீட்டு உறவையே அறுத்துக்கொண்டதாகிவிடும். வழக்கத்தில் இவ்வளவு பிடிப்பு உள்ள உன் மாமா அதைச் செய்யமாட்டார். திசை பார்த்து வாயை அறுத்தவர் முறை பார்த்து வாயை வாங்கிக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் நீ பார்த்துக்கொள். மாமன் சீரை எதிர்கொண்டு வாங்க வேண்டியவள் பெண்ணின் தாய். அவள் வந்து நிற்பாள், நிற்காமல் இருக்க முடியாது. அவ்வளவு நீளத்தையும் கனத்தையும் ஒற்றைக் கையால் தாங்க முடியாது. மண்டபமே பார்த்துக்கொண்டிருக்கும். நான் அவளிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். அவள் எதையும் சொல்ல வேண்டியதும் இல்லை. மாலையைக் கழற்றிவைத்துவிட்டு நீ எழுந்து வந்து மறுமுனையைப் பிடி.